தொடாத தாம்பாளம்

என் வலது கையை ஜெயக்கொடி நசுக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு. அந்த நேரத்தில் கறிக்கடையில் எப்படிக் கூட்டம் நிற்கும் என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது பேராவது இருந்தார்கள். பாதிப் பேர் எனக்குச் சொந்தம், மீதிப் பேரை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அத்தனை பேரும் கோர்ட்டில் ஏறி, அன்றைக்கு ஒன்றும் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் கடை. அப்பா வைத்த கடை. என்னைக் கட்டிக் கொடுத்த இடம் சரியில்லை என்று நான் தீர்த்துவிட்டு வந்த வருஷமே அப்பா படுத்துவிட்டார். தம்பி அழகுராஜாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். நான் கத்தியை எடுத்தேன். பொம்பளை கறி வெட்டுறாளாம் என்று சிரித்தவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில், பாண்டீஸ்வரி வெட்டினால்தான் எலும்பு சிதறாமல் வருகிறது என்று வரிசையில் நின்றார்கள்.

ஜெயக்கொடிக்குக் கிரஷர் இருக்கிறது, எட்டு டிப்பர் லாரி இருக்கிறது. முறைக்கு எனக்கு அண்ணன். ஒரே குலசாமி, எல்லைக் கருப்பு. மாசி சிவராத்திரிக்குச் சாமி பெட்டியைத் தலையில் தூக்குவது அவன் வீடுதான். அவன் அப்பன், தாத்தன், பூட்டன் என்று ஆறு தலைமுறையாகத் தூக்குகிறார்கள். ஊரில் அவனுக்கு அந்தப் பெட்டிதான் பெரிய சொத்து. கிரஷரை விற்றாலும் விற்பான், பெட்டியை விடமாட்டான்.

அவனுடைய டிப்பர் ஒன்று என் கடைக்கு முன்னால் ஸ்கூட்டரில் போன சத்யப்ரியா என்கிற பிள்ளையை அடித்துப் போட்டது. தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. சக்கரம் வயிற்றில் ஏறியது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன், என் மடியிலேயே போய்விட்டாள். போலீஸ் வந்து எந்த வண்டி என்று கேட்டபோது ஊரே ஆகாயத்தைப் பார்த்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

ஒன்பதாம் நாள் அவன் கடைக்கு வந்தான், மூன்று பேரோடு.

"ஏ பாண்டி, எந்தக் கைய நீட்டிக் காட்டுன?"

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, அதை மறைக்கவில்லை. கத்தி பிடித்திருந்த கையைத் தூக்கி, "இந்தக் கைதாண்ணே. மறுபடியும் காட்டணுமா?" என்றேன்.

இரண்டு பேர் என் தோளை அமுக்கினார்கள், ஒருவன் என் கையைப் பிடித்துப் புளியங்கட்டையின் மேல் வைத்தான். ஜெயக்கொடி என் கத்தியையே வாங்கி, திருப்பிப் பிடித்து, முதுகால் அடித்தான். நான்கு அடி. நான் எண்ணினேன். முதல் அடியில் நடுவிரல் உடைந்த சத்தம் கேட்டது. ஆட்டெலும்பு உடைகிற அதே சத்தம்தான், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மூன்றாவது அடிக்கு அப்புறம் அது என் கை மாதிரியே தெரியவில்லை. என் ரத்தம் ஆட்டு ரத்தத்தோடு சேர்ந்து கட்டையிலிருந்து வடிந்தது. நான் கீழே விழுந்தேன்.

அப்புறம் அவன் செய்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கத்தியைத் தண்ணீர் வாளியில் அலசினான். என் தம்பியைப் பார்த்து, "அரைக் கிலோ ஈரல் போடுடா தம்பி" என்றான். அழகுராஜா நிறுத்துப் போட்டான். ஜெயக்கொடி அதை வாங்கி, கூட்டத்தில் நின்ற சிவனாண்டிப் பூசாரியிடம் நலம் விசாரித்துவிட்டு, நிதானமாக வண்டியில் ஏறிப் போனான். வரிசையில் நின்ற யாரும் கலையவில்லை. ஒருத்தி மட்டும், "இன்னைக்குக் கறி கெடைக்குமா கெடைக்காதா?" என்று கேட்டாள்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டை விரலையும் சுண்டு விரலையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நடுவில் மூன்றும் போயிற்று. ஆறு மாதம் இடது கையைப் பழக்கினேன். என் முழங்காலில் மட்டும் நான்கு தழும்பு இருக்கிறது, எல்லாம் அந்த ஆறு மாதத்தில் கத்தி நழுவி வாங்கியது.

போலீஸ் போட்ட கேஸ் இரண்டு வருஷத்தில் செத்தது. முப்பது சாட்சியும் பிறழ்ந்துவிட்டார்கள். அழகுராஜாகூட, "அக்கா வழுக்கி விழுந்துருச்சுங்கய்யா" என்றான். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவன் தட்டில் போடவில்லை, தரையில் போட்டேன். எடுத்துச் சாப்பிட்டான். அவன் பயந்தவன், கெட்டவன் இல்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் வக்கீல் அனந்தலக்ஷ்மி மேடத்திடம் போனேன். மதுரையில் சிவில் கேஸ் மட்டும் நடத்துகிறவர், ஐம்பத்தைந்து வயது, சளி பிடித்த குரல். என் கையை எடுத்துத் தன் மேஜை மேல் வைத்துப் பார்த்தார்.

"கிரிமினல்ல அவரை உள்ள தள்ள முடியல. சரி. நாம நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவோம். இங்க சந்தேகமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல. இது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஜட்ஜுக்குத் தோணினாப் போதும்."

"சாட்சிக்கு யாரும் வரமாட்டாகளே மேடம்."

"அவரே வருவாரில்ல" என்றார்.

வந்தான். கூண்டில் ஏறி, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி சாவகாசமாக நின்றான். அவனுடைய வக்கீல் எல்லாவற்றுக்கும் தெரியாது, இல்லை என்று சொல்லிக் கொடுத்திருந்தார். மேடம் அடித்தாயா என்று கேட்கவே இல்லை.

"அன்னைக்குக் கடைக்குப் போனீங்களா?"

"போனேன். ஈரல் வாங்குனேன். அது தப்பா?"

"தப்பில்ல. எவ்வளவு வாங்கினீங்க?"

"அரைக் கிலோ."

"யார் போட்டுக் கொடுத்தா?"

"அவ தம்பி."

"ஏன், எப்பவும் பாண்டீஸ்வரிதானே கறி போடுவாங்க? அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"கீழ கெடந்தா."

அவனுடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். ஜெயக்கொடி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னான். அதுதான் அவன் குணம். தன் வக்கீலே தன்னைத் தடுப்பதை முன்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கீழ கெடந்தாங்க?" என்றார் மேடம்.

"என்னைய எதுத்துச் சாட்சி சொன்னா கீழதான் கெடக்கணும். எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க."

ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுதினார்.

தீர்ப்பில் இரண்டு பகுதி. மேடம் எனக்குத் தமிழில் விளக்கினார். "முதல் தொகை உங்க கைக்கு. மருந்துச் செலவு, வேலை போனது, வலி, எல்லாம் அதுல வந்துடுது. ரெண்டாவது தொகை உங்க கைக்கு இல்ல, பாண்டீஸ்வரி. அது அவரோட திமிருக்கு. கைய நசுக்கிட்டு அங்கேயே நின்னு ஈரல் வாங்கினார் பாருங்க, அதுக்கு. இனிமே இவரோ இன்னொருத்தரோ இப்படிச் செய்யக் கூடாதுன்னு தண்டனையா ஜட்ஜ் விதிச்சிருக்கார். என் முப்பது வருஷத்துல இப்படி ஒரு தீர்ப்பு நான் வாங்கினதில்ல."

மேடத்துக்கு அந்த இரண்டாவது பகுதி ஒரு கூடுதல் பெருமை. எங்கள் ஊருக்கு அது வேறு. அது என்ன என்று மேடத்துக்கும் தெரியாது, அந்த ஜட்ஜுக்கும் தெரியாது.

எங்களில் தண்டனைப் பணத்துக்குத் தெண்டம் என்று பெயர். நஷ்டத்துக்குக் கொடுப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருத்தன் வைக்கோற்போர் எரிந்தால் காரணமானவன் கொடுத்துவிட்டுப் போவான், அதனால் அவனுக்குக் கெட்ட பெயர் இல்லை. தெண்டம் விழுந்தால்தான் குற்றவாளி. தெண்டம் விழுந்தவன் சாமி பெட்டியைத் தொடக் கூடாது. அவன் ஊரைக் கூட்டி, பணத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பாதிக்கப்பட்டவர் அந்தத் தாம்பாளத்தைத் தொட்டு அவன் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். பூசிவிட்டால் அவன் சுத்தம். அதற்கப்புறம் அந்தக் குற்றத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும், பாதிக்கப்பட்டவரே திறந்தாலும், திறந்தவருக்கு இரட்டைத் தெண்டம். தாம்பாளத்துப் பணமும் கோயில் பெட்டகத்துக்குப் போய்விடும். பெட்டகச் சாவி ஜெயக்கொடி இடுப்பில் இருக்கிறது.

ஜெயக்கொடி தீர்ப்பு வந்த வாரமே ஆள் அனுப்பாமல் தானே வந்தான். கடைக்குள் வரவில்லை, வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினான்.

"கைக்கு எழுதுனதுல ரெண்டு பங்கு தாரேன். அந்தத் தண்டனைன்னு ஒரு வரி போட்டிருக்கான் பாரு, அத மட்டும் எடுத்துரச் சொல்லு. அப்பீல் போட்டு ராஜி பண்ணிக்கலாம்னு என் வக்கீல் சொல்றாரு. ஒனக்கும் லாபம்."

அப்போதுதான் அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

"மொதல்ல உள்ளதக்கூட எடுத்துக்கண்ணே" என்றேன். "அந்த ஒரு வரி மட்டும் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து மூன்றாம் நாள் விடிந்து பட்டியைத் திறந்தால் பதினோரு ஆடும் கழுத்தறுந்து கிடந்தன. தின்பதற்காக அறுத்ததில்லை. பாதி அறுத்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன, நான்தான் முடித்துவைத்தேன். வெட்டத் தெரியாத பயல்கள். ஓர் உயிரை எடுப்பது என்றால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும், அந்த மரியாதைகூடத் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் டீக்கடையில் வைத்து என் தம்பியை அடித்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று, ஒரு காது கேட்காமல் போயிற்று. ரத்தத்தைப் பார்த்து மயங்குகிறவன், தன் ரத்தத்தில் தானே மயங்கிக் கிடந்தான்.

"அக்கா, தொட்டு விட்ருக்கா" என்று அழுதான். "ஒரு தாம்பாளத்தத் தொடுறதுல என்னக்கா கொறஞ்சு போகப் போற? எனக்குப் பொண்ணு இருக்குக்கா, நாளைக்கு இந்த ஊர்லதான அதுக்கு மாப்ள பாக்கணும்."

அவன் சொன்னது என்னை அசைக்காமல் இல்லை. அன்று முழுக்க யோசித்தேன். தொட்டால் ஆடு பிழைக்கும், தம்பி பிழைப்பான், நானும் பிழைப்பேன். ஆனால் நாளைக்கு ஒருத்தர் உன் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் நான் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். சொன்னால் எனக்குத் தெண்டம். சத்யப்ரியா செத்ததைச் சொல்லத்தான் என் கை போனது. கை போனதையும் சொல்லக் கூடாது என்றால் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன்.

தை கடைசியில் கோயில் பொட்டலில் ஊர் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். ஜெயக்கொடி பட்டு வேட்டி கட்டி, சட்டையில்லாமல், தாம்பாளத்தை என் முன்னால் வைத்து மண்ணில் விழுந்தான். தண்டனைத் தொகை முழுசும் இருந்தது. எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள், நான் எண்ணவில்லை. சிவனாண்டிப் பூசாரி திருநீற்று மரவையை என்னிடம் நீட்டினார்.

"ஏத்தா, தொட்டுட்டுத் துண்ணூறப் பூசி விடு. அம்புட்டுதான், எல்லாம் முடிஞ்சது."

தாம்பாளத்தை வலது கையால்தான் தொட வேண்டும். நான் என் வலது கையைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து ஊருக்குக் காட்டினேன்.

"எதால தொடச் சொல்றீக?"

பூசாரி மரவையைத் தாழ்த்தினார். "எடது கையால தொட்டாலும் சாமி ஏத்துக்கும் தாயி."

"சாமி ஏத்துக்குவாரு. நான் ஏத்துக்க மாட்டேன். தண்டனை குடுத்தது கோர்ட்டு. அங்க போய்க் கட்டச் சொல்லுங்க."

ஜெயக்கொடி தரையிலிருந்து தலையைத் தூக்கினான். முகமெல்லாம் மண். ஆறு தலைமுறைக்காரன் ஊர் முன்னால் விழுந்து கிடக்கிறான், ஒரு கறிக்கடைக்காரி எழுந்து போகிறாள். முதல் கல் என் புருவத்தில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவன் தங்கச்சி மகன் என் முடியைப் பிடித்து இழுத்துத் தாம்பாளத்தின் மேல் என்னைச் சாய்க்கப் பார்த்தான், என் உடம்பு எங்கே பட்டாலும் தொட்டதாகக் கணக்காகிவிடும் என்று. நான் அவன் முன்கையைக் கடித்தேன், தோல் வாயோடு வந்தது. வயிற்றில் உதைத்தார்கள். நான் மண்ணில் உருண்டேனே தவிர தாம்பாளத்தின் பக்கம் போகவில்லை. அழகுராஜா எங்கிருந்தோ வந்து என் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவன் முதுகில் விழுந்த மிதியெல்லாம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவனை மன்னித்தேன்.

அடுத்த வாரம் ஜெயக்கொடி இரண்டு தொகையையும் கோர்ட்டில் கட்டிவிட்டான். கட்டினாலாவது கறை போகும் என்று நினைத்திருப்பான். மேடம் போன் பண்ணி, "எல்லாம் முடிஞ்சது பாண்டீஸ்வரி" என்றார்.

"உங்களுக்கு முடிஞ்சது மேடம்" என்றேன்.

தெண்டப் பணம் வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். நான் அந்தப் பணத்தில் ஆடு வாங்கினேன், கடைக்கு இரும்பு ஷட்டர் போட்டேன். எல்லா ஆடும் நன்றாகத்தான் மேய்கின்றன.

கோர்ட்டில் கட்டியது ஊரில் செல்லாது. அங்கே தாம்பாளம் இல்லை, திருநீறு இல்லை, ஒரு குமாஸ்தா ரசீது கொடுத்தார், அவ்வளவுதான். ஜெயக்கொடி பணத்தைக் கட்டியும் குற்றவாளியாகவே இருந்தான். ஊர்க்காரர்களுக்கும் மெல்ல வாய் முளைத்தது. கோர்ட்டே சொல்லிவிட்டது, அப்புறம் எப்படிப் பெட்டி தூக்குவான் என்று பங்காளிகள் பேசினார்கள். இந்த மாசிக்கு அவன் சித்தப்பா மகன் காசிமாயன் தூக்கட்டும் என்று பூசாரி காதிலும் போட்டுவிட்டார்கள். ஈரல் வாங்கிய அன்றைக்கு வரிசை கலையாமல் நின்றவர்கள்தான் இவர்களும்.

சிவராத்திரிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, கூட்ட நேரத்தில் அவன் வந்தான். தனியாக வந்தான். தாடி வளர்ந்திருந்தது. வரிசை தானாக விலகியது. நேராக வந்து தன் வலது கையை என் கட்டையின் மேல் விரித்து வைத்தான்.

"வெட்டு" என்றான். "கைக்குக் கை. ஊரு முன்னாடி வெட்டிரு, தீந்துபோகும்."

இதுவும் எங்களில் பழைய வழக்கம்தான். தாம்பாளத்தைத் தொடாதவர் பதிலுக்குப் பதில் எடுத்துக்கொண்டால் அதுவும் தீர்ந்ததுதான், அவனும் சுத்தம்தான். என் தாத்தா காலத்தில் நடந்திருக்கிறது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாக இருந்தது. கத்தி கையில்தான் இருந்தது. அவன் விரல் தடித்த விரல், மோதிரம் போட்ட விரல். எந்த மூட்டில் வைத்தால் சுத்தமாக விழும் என்று என் கண் தானாகவே பார்த்தது. நான்கு வருஷமாகத் தூக்கத்தில் நான் வெட்டாத கை இல்லை அது.

"கைய எடுண்ணே" என்றேன். "தொடைக்கறிக்கு ஆள் நிக்குது."

"பாண்டி, ஒன் கால்ல வேணாலும் விழுகுறேன். ஒண்ணு தாம்பாளத்தத் தொடு, இல்ல இத வெட்டு. நாலு நாள்தான் கெடக்கு."

"கைய எடு."

அவன் எடுக்கவில்லை. நான் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, கொக்கியில் தொங்கிய தொடையை இறக்கத் திரும்பினேன். அந்த ஒரு நொடிதான். வெட்டு விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் அவனுடைய மூன்று விரல் கட்டையின் மேல் கிடந்தது. கத்தி அவன் இடது கையில் இருந்தது. என் கையை மூன்று பேரை வைத்து அமுக்கி அடித்தவன், தன் கையைத் தனியாகவே வெட்டிக்கொண்டான். ரத்தம் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. அவன் கத்தியை என் காலடியில் போட்டான். முகம் வெள்ளையாகிவிட்டது, ஆனால் சிரித்தான்.

"வெட்டிட்டா" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "எல்லாரும் பாத்துக்கங்க. பாண்டி வெட்டிட்டா. தீந்துபோச்சு."

வரிசையில் ஒருத்தன், "ஆமா, வெட்டிட்டா" என்றான். இன்னொருத்தன், "நான் பாத்தேன்" என்றான். அப்படியே வரிசை முழுக்கப் போனது. ஒரு கிழவி குலவை போட்டாள். நான்கு வருஷமாக என்னை ஏறிட்டுப் பார்க்காதவர்கள் எல்லாரும் என்னைச் சாமி வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டினார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அழகுராஜா என் காதுக்கு வந்தான். "அக்கா, வாயத் தொறக்காத. அவரு கேஸ் குடுக்க மாட்டாரு. ஊரே ஒன்னயத் தூக்கி வச்சுக் கொண்டாடும். எல்லாம் இத்தோட முடியுது. பேசாம மட்டும் இருக்கா."

பேசாமல் இருந்தால் போதும். அவ்வளவு சுலபம்.

நான் கடைத்துண்டை எடுத்து அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினேன். விரல்களைப் பனிக்கட்டியில் போட்டு ஒரு பையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கை கழுவவில்லை, முகமும் துடைக்கவில்லை. அப்படியே ரோட்டில் நடந்து ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு மருது என்னைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தார். சேதி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"வாத்தா. பயப்படாத. கம்ப்ளெய்ண்ட் எதுவும் வரல, வராது. கதவுல நசுங்கிருச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதிக்கச் சொல்லிட்டாராம் ஜெயக்கொடி."

"நான் எழுதிக் குடுக்க வந்திருக்கேன்."

"என்னன்னு?"

"அவரு வெரல அவரே வெட்டிக்கிட்டாருன்னு. நான் வெட்டல."

அவருக்குப் புரியவில்லை. "ஒன் மேல யாரும் குத்தம் சொல்லலியே. பெருமையாத்தானத்தா பேசுறாக. எனக்கே உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு. இத எதுக்கு எழுதணும்?"

"அவரு சுத்தமாகக் கூடாதுல்ல. அதுக்குத்தான்."

அவர் தாளை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கத்தியையும் பிடியைத் தொடாமல் எடுத்துவந்திருந்தேன், பிடியில் கடைசியாக விழுந்தது அவன் இடது கைரேகை என்று அதையும் எழுதச் சொன்னேன். ரசீது வாங்கினேன். அந்தத் தாளின் நகலை அன்று மதியமே பூசாரி கையில் கொடுத்தேன், வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். தானே வெட்டிக்கொண்டது பதிலுக்குப் பதில் ஆகாது என்று அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாயங்காலம் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். ஜெயக்கொடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். விரல்களைச் சேர்க்க முடியவில்லையாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னைத் தங்கச்சி என்று அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"வா தங்கச்சி. நீயும் நானும் இப்ப ஒண்ணு."

நான் இன்னொரு நகலைக் கட்டில் பக்கத்தில் நின்ற அவன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள், ஆனாலும் முழுக்க வாசித்தாள். பூசாரியிடம் கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது, துடைக்க அவனிடம் ஒரு கைதான் இருந்தது, அதிலும் குளுகோஸ் ஊசி.

"அப்ப இந்தக் கை எதுக்குத்தான் போச்சு?" என்று கேட்டான். என்னைக் கேட்டானோ, சாமியைக் கேட்டானோ.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "நான் வெட்டல."